ட்ரென்ட் விவகாரம், 1861: திருத்தி எழுதப்பட்ட ஒரு கடிதம்

1812-ல் மூண்ட போர் முடிந்த பிறகு பிரிட்டனும் அமெரிக்காவும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றதில்லை. ஆனால் அந்த நிலைக்கு அருகே பலமுறை போய்த் திரும்பியிருக்கின்றன. அவற்றுள் மிக ஆபத்தானதாக நான் கருதுவது 1861 நவம்பர் 8 முதல் டிசம்பர் 27 வரையிலான ஏழு வாரங்கள். ட்ரென்ட் என்ற தபால் கப்பலில் தொடங்கியதால் அதற்கு ட்ரென்ட் விவகாரம் என்று பெயர். கடற்சட்டம், பஞ்சு வணிகம், படைபலம் என்று அதைப் பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான். கோரிக்கையை அணுவளவும் குறைக்காமல் அதைச் சொல்லும் விதத்தை மாற்றிக்கொள்வது அரசியலில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நடுக்கடலில் நடந்தது

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு வெளிநாட்டு அங்கீகாரம் உயிர்நாடியாக இருந்தது. பிரிட்டனின் நெசவாலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி தென் மாநிலங்களிலிருந்தே வந்ததால், லண்டன் தங்கள் பக்கம் சாயும் என்று அவை நம்பின. அதற்காக இருவரைத் தூதர்களாக அனுப்பின. லண்டனுக்கு வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன். பாரிசுக்கு லூசியானாவின் ஜான் ஸ்லைடெல். இருவரும் முன்னாள் செனட்டர்கள். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர் இந்த மேசன்தான்.

வடக்கின் கடற்படை முற்றுகையை ஏமாற்றிவிட்டு இருவரும் கியூபா போய்ச் சேர்ந்தார்கள். ஹவானாவில் ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலில் ஏறினார்கள். மறுநாள், நவம்பர் 8 அன்று, பழைய பஹாமா கால்வாயில் அமெரிக்கப் போர்க்கப்பல் சான் ஜசின்டோ அதை மறித்தது. கப்பலின் தலைவர் சார்லஸ் வில்க்ஸுக்கு மேலிடத்திலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. கப்பலில் இருந்த சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துத் தானே முடிவெடுத்தார். ட்ரென்டின் முன்னால் இரண்டு குண்டுகள் பறந்தன. கப்பல் நின்றது.

ட்ரென்டில் ஏறும் பொறுப்பு வில்க்ஸுக்கு அடுத்த நிலை அதிகாரியான ஃபேர்ஃபாக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. தூதர்களைப் பிடிப்பதோடு கப்பலையும் கைப்பற்ற வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. மேல்தளத்தில் பயணிகள் கூச்சலிட்டார்கள். ஸ்லைடெலின் மகள் வாசலை மறித்து நின்றாள். பலவந்தம் செய்தால்தான் வருவோம் என்று இரு தூதர்களும் சொன்னார்கள். ஃபேர்ஃபாக்ஸ் குரலை உயர்த்தவில்லை. பெயரளவுக்கு மட்டும் கைவைத்து அவர்களையும் இரண்டு செயலாளர்களையும் படகில் இறக்கினார். கப்பலைக் கைப்பற்றவில்லை. பயணிகளுக்குத் துன்பம், தங்கள் மாலுமிகளில் பலரை இந்தக் கப்பலை ஓட்ட அனுப்ப வேண்டியிருக்கும் என்று காரணம் சொல்லி வில்க்ஸைச் சம்மதிக்கவைத்தார். பிரிட்டனை வீணாகச் சீண்டக் கூடாது என்ற எண்ணமும் அவருக்குள் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுநிலை நாட்டின் கப்பலில் தடைசெய்யப்பட்ட பொருளோ ஆளோ இருந்தால், கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அதற்கென உள்ள நீதிமன்றத்தில் நிறுத்துவதே அக்காலக் கடற்சட்டம். கப்பலைப் போகவிட்டதால் அமெரிக்காவின் சட்ட நிலை பலவீனமானது. ஃபேர்ஃபாக்ஸின் மரியாதை அன்றைக்குச் சொந்த நாட்டுக்கே பாதகமாகப் போய்விட்டது என்று வாதிடலாம். ஆனால் ஏழு வாரம் கழித்து, கௌரவமாகப் பின்வாங்க அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே வழி அந்தக் குறையிலிருந்துதான் பிறந்தது.

பாஸ்டன் விருந்துகள்

வடக்கு அதுவரை போரில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதித்திருக்கவில்லை. வெற்றிக்கு ஏங்கிக் கிடந்த மக்களுக்கு வில்க்ஸ் ஒரே நாளில் வீரநாயகன் ஆனார். கைதிகள் பாஸ்டன் துறைமுகத்தின் வாரன் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். நவம்பர் 26 அன்று பாஸ்டனில் வில்க்ஸுக்குப் பெரும் விருந்து நடந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநரே எழுந்து புகழ்ந்து பேசினார். கடற்படை அமைச்சர் பாராட்டுக் கடிதம் எழுதினார். டிசம்பர் 2 அன்று பிரதிநிதிகள் சபை நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு பாராட்டும் லிங்கன் இறங்கிவரக்கூடிய படிகளில் ஒன்றை உடைத்துக்கொண்டே போனது. எதிராளியின் பதில் என்னவென்று தெரிவதற்கு முன்பே மேடையேறி மார்தட்டும் தலைவர்கள், கடைசியில் முடிவெடுக்க வேண்டியவரின் கையைக் கட்டிப்போடுகிறார்கள். இன்றும் ஒரு சம்பவம் நடந்த சில நிமிடங்களில் ஒலிவாங்கிகளின் முன் நின்று வீரவசனம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பேச்சின் விலையைப் பிறகு வேறொருவர் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கவலை எனக்கு உண்டாகிறது.

அந்த ஆரவாரத்தில் இருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒருவர் லிங்கன். டிசம்பர் 3 அன்று நாடாளுமன்றத்துக்கு அவர் அனுப்பிய ஆண்டுச் செய்தியில் ட்ரென்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. இன்னொருவர் வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் லயன்ஸ் பிரபு. தன் நாட்டின் கொடியை அவமதித்துவிட்டார்கள் என்று குமுற அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. லண்டன் என்ன சொல்கிறது என்று தெரியும்வரை கருத்தே சொல்வதில்லை என்று இருந்துவிட்டார்.

அட்லாண்டிக்கின் குறுக்கே 1858-ல் போட்ட தந்திக் கம்பி சில வாரங்களில் பழுதாகிவிட்டதால், செய்தி கப்பலில்தான் போக வேண்டியிருந்தது. இந்தத் தாமதமே போரைத் தடுத்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. லண்டனுக்கு அது ஆறுவதற்கு அவகாசம் தந்தது உண்மை. அமெரிக்காவிலோ அதே தாமதம், எதிர்ப்புக் குரல் எதுவும் கேட்காத மூன்று நான்கு வாரங்களில் வெறியை ஏற்றிவிட்டது.

வின்ட்சர் கோட்டையில் ஒரு காலை

நவம்பர் 27 அன்று செய்தி லண்டனை எட்டியது. நடுக்கடலில் பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தி ஆட்களை இறக்குவதா என்று நகரம் கொதித்தது. பிரதமர் பால்மர்ஸ்டன் பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. அமைச்சரவை கூடியது. கைதிகளை விடுவிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் தூதர் வாஷிங்டனை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று முடிவானது. வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் பிரபு கடிதத்தின் வரைவை எழுதி, நவம்பர் 30 மாலை அரசியின் ஒப்புதலுக்காக வின்ட்சருக்கு அனுப்பினார்.

வரைவில் பொய் எதுவும் இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருந்தது. சர்வதேசச் சட்டத்தை மீறினீர்கள், எங்களை அவமதித்தீர்கள், பரிகாரம் செய்யுங்கள் என்ற தொனி. அதைப் பெற்றுக்கொள்ளும் எந்த அரசுக்கும் இரண்டே வழிகள்தான் மிஞ்சும்: குற்றத்தை ஒப்புக்கொண்டு தலைகுனிவது, அல்லது சண்டைக்கு நிற்பது.

விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் அப்போது கடும் நோயில் இருந்தார். டிசம்பர் 1 விடியற்காலையில் எழுந்து, வரைவு எப்படி மாற வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அதைக் கொடுத்தார். இரண்டு வாரத்தில், டிசம்பர் 14 அன்று, 42 வயதில் இறந்துபோனார். தன் கணவர் கடைசியாக எழுதிய அரசுக் குறிப்பு அது என்று விக்டோரியா அதன் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆல்பர்ட் செய்த மாற்றம் இதுதான். அமெரிக்கக் கப்பல் தலைவர் தன் அரசின் உத்தரவின்படி நடந்திருக்க மாட்டார், அல்லது உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று பிரிட்டிஷ் அரசு நம்ப விரும்புகிறது. தன் நாட்டு உள்விவகாரங்களே தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிரிட்டனை அவமதிக்கும் என்பதை ஏற்க மனம் வரவில்லை. ஆகவே நடந்தவற்றை முழுமையாக ஆராய்ந்ததும், கைதிகளை ஒப்படைத்து உரிய வருத்தமும் தெரிவிக்க அமெரிக்க அரசு தானாகவே முன்வரும் என்று நம்புகிறோம்.

கேட்டவை எவையும் குறையவில்லை. நான்கு பேர் திரும்ப வேண்டும், மன்னிப்பு வேண்டும் என்ற இரண்டும் அப்படியே இருந்தன. ஆனால் முதல் வரைவில் தண்டனையாக இருந்தது, இரண்டாம் வரைவில் ஒரு நல்ல அரசு தானே செய்யக்கூடிய காரியமாக ஆகிவிட்டது. இங்கிதம் என்பது பூசி மெழுகுவது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வரைவுகளின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆல்பர்ட் எதையும் மறைக்கவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளி உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு விளக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதை அவனுக்கு முன்னதாகவே எடுத்துக் கொடுத்தார்.

அது உண்மையான விளக்கம் என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. அதற்கு முந்தைய நாள், நவம்பர் 30 அன்று, வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்ட், லண்டனில் இருந்த தன் தூதர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வில்க்ஸ் எந்த உத்தரவும் இல்லாமல் செயல்பட்டார் என்பதே அதன் சாரம். ஆல்பர்டுக்கு அது தெரிய வழியில்லை. ஊகம்தான், ஆனால் எதிராளியின் நிலைமையை நிதானமாக யோசித்தவரின் ஊகம்.

முறைப்படி கொடுக்காத நான்கு நாள்

ரஸ்ஸலும் தன் பங்கைச் செய்தார். கடிதத்தோடு லயன்ஸுக்குத் தனிக்குறிப்புகள் அனுப்பினார். கடிதத்தை எடுத்த எடுப்பில் நீட்ட வேண்டாம். முதலில் சீவார்டைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, தன் சகாக்களோடு பேசிக்கொள்ள அவருக்கு இடம் கொடுங்கள். மிரட்டல் போலத் தோன்றும் எதையும் தவிர்த்துவிடுங்கள். அதே சமயம் கெடுவும் இருந்தது: முறைப்படி கொடுத்த நாளிலிருந்து ஏழு நாள்.

தூதஞ்சல் டிசம்பர் 18 இரவு வாஷிங்டன் வந்தது. மறுநாள் லயன்ஸ் சீவார்டைச் சந்தித்தார். கெடு ஏதாவது உண்டா என்று சீவார்ட் கேட்டார். அதிகாரபூர்வமாகச் சொன்னால் மிரட்டலாகிவிடும்; சொல்லாமல் விட்டால் சீவார்ட் விஷயத்தின் அவசரத்தை உணரமாட்டார். தனிப்பட்ட முறையில், தன்னை நம்பிக் கேட்பதால், ஏழு நாள் என்று லயன்ஸ் சொன்னார். அப்படியானால் கடிதத்தின் நகலை இப்போதே பார்த்தால் யோசிக்க வசதியாக இருக்குமே என்றார் சீவார்ட். முறைப்படி கொடுத்தால் அந்த நிமிடமே கெடு ஓடத் தொடங்கிவிடும். லயன்ஸ் நகலை ஒரு உறையில் வைத்து, சீவார்டின் கண்ணுக்கு மட்டும் என்று தனிப்பட்ட முறையில் அனுப்பிவைத்தார். சற்று நேரத்தில் சீவார்டே தூதரின் வீடு தேடி வந்தார். கடிதம் மரியாதையாகவும் நட்பாகவும் இருப்பதில் தனக்குப் பெரிய நிம்மதி என்று சொன்னார்.

இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று சீவார்ட் கேட்டபோதும் லயன்ஸ் முகம் சுளிக்கவில்லை. டிசம்பர் 23 அன்றுதான் கடிதம் முறைப்படி படித்துக் காட்டப்பட்டது. லண்டனின் உத்தரவை ஒரு எழுத்தும் மீறாமல் கூடுதலாக நான்கு நாள் கொடுத்திருந்தார். அந்த நான்கு நாள் எந்தப் பத்திரிகையின் கண்ணிலும் படாத நாள்கள் என்பதால்தான் பயன்பட்டன.

சீவார்டுக்கு இந்த நிதானம் பிறவிக் குணம் அல்ல. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளிநாடுகளோடு சண்டை வந்தால் பிரிந்த மாநிலங்கள் ஒன்றுசேரும் என்ற ரீதியில் லிங்கனுக்கே குறிப்பு எழுதியவர். மே மாதத்தில் பிரிட்டன் நடுநிலை அறிவித்த நேரத்தில் ஆடம்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் நெருப்பாக இருந்தது. லிங்கன் பேனாவை எடுத்து வரி வரியாகத் தணித்தார். பிரிட்டிஷ் அமைச்சரிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டாம், ஆடம்ஸ் தன் வழிகாட்டுதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சேர்த்தார். வின்ட்சரில் ஆல்பர்ட் செய்ததை வாஷிங்டனில் ஆறு மாதம் முன்பே லிங்கன் செய்திருந்தார்.

சொந்த மக்களிடம் பேசுவது

டிசம்பர் 25 காலை லிங்கனின் அமைச்சரவை கூடியது. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் சார்லஸ் சம்னர், தன் பிரிட்டிஷ் நண்பர்களான ஜான் பிரைட்டும் ரிச்சர்ட் காப்டனும் எழுதிய கடிதங்களைப் படித்துக் காட்டினார். பிரிட்டனின் நிலைப்பாட்டையே ஆதரித்த பிரெஞ்சு அரசின் கடிதமும் அன்றுதான் வந்தது. பல மணி நேரம் பேசியும் முடிவாகவில்லை. கைதிகளை விட்டுவிட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் எல்லாருக்கும் இருந்தது. லிங்கனே மத்தியஸ்தத்துக்கு விடலாமா என்று யோசித்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தார். மறுநாள் அதை வெளியே எடுக்கவில்லை. தனக்கே திருப்தி தரும் எதிர்வாதம் கிடைக்கவில்லை என்று சீவார்டிடம் ஒப்புக்கொண்டதாக சீவார்டின் மகன் பதிவு செய்திருக்கிறார். 26 அன்று அமைச்சரவை ஒருமனதாக இசைந்தது. 27 அன்று பதில் லயன்ஸ் கைக்குப் போனது.

அந்த நீண்ட பதிலை எழுதியவர் சீவார்ட். எதிரி நாட்டிடம் பக்குவமாகப் பேசுவதைவிடக் கொதித்துப்போன சொந்த மக்களிடம் பக்குவமாகப் பேசுவது கடினம். அந்தக் கடின வேலையைத்தான் அந்தப் பதில் செய்தது. தூதர்களைப் பிடிக்க வில்க்ஸுக்கு உரிமை இருந்தது. ஆனால் கப்பலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமல் நடுக்கடலில் தானே நீதிபதியாகி ஆளை இறக்கியது தவறு என்றார். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பிடித்துப்போனதை எதிர்த்துத்தான் அமெரிக்கா 1812-ல் போரிட்டது. 1804-லேயே அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசன், லண்டனில் இருந்த தன் தூதருக்கு எழுதிய கடிதத்தில் இதே கொள்கையை வலியுறுத்தியிருந்தார். மற்ற நாடுகள் நமக்கு என்ன செய்ய வேண்டும் என்று இத்தனை காலம் கேட்டோமோ, அதையே இப்போது பிரிட்டனுக்குச் செய்கிறோம். கைதிகள் மகிழ்ச்சியோடு விடுவிக்கப்படுவார்கள்.

அமெரிக்கர்களின் காதில் அது சரணாகதியாக விழவில்லை. பாட்டன்மார் போரிட்ட கொள்கையைப் பிரிட்டனே கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதாக விழுந்தது. மன்னிப்பு என்ற ஒன்று பதிலில் எங்கும் இல்லை. வில்க்ஸ் உத்தரவின்றிச் செய்தார் என்ற விளக்கம் மட்டும் இருந்தது. ரஸ்ஸல் அதைப் போதுமானதாக ஏற்றுக்கொண்டார். சீவார்டின் சட்ட வாதத்தைத் தாங்கள் ஏற்கவில்லை என்பதை லண்டன் பிறகு தனியாக எழுதியது. ஆனால் கைதிகள் கைக்கு வந்த பின்தான் எழுதியது. 1862 ஜனவரி 1 அன்று நால்வரும் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டார்கள்.

பின்னால் நின்ற படை

இந்தக் கதையை நல்ல வார்த்தைகளின் வெற்றியாக மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. கடிதம் மிருதுவாக இருந்த அதே நாள்களில் பிரிட்டன் 11,000 வீரர்கள் வரை கனடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு உலகச் சந்தைக்குப் பெருமளவில் வங்காளத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் பிரிட்டிஷார் வழியாகவே போனது. வடக்கின் கையிருப்பு குறைந்ததால், துப்பாக்கி மருந்து தயாரித்த டூபான்ட் குடும்பத்தைச் சேர்ந்த லாமோட் டூபான்ட் லண்டனுக்கு வந்து பெருமளவு வெடியுப்பை வாங்கியிருந்தார். ட்ரென்ட் செய்தி வந்ததும் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. சரக்கு துறைமுகத்திலேயே நின்றது. மருந்தில்லாமல் லிங்கன் எந்தப் போரையும் நடத்த முடியாது, இரண்டு போர்களை ஒன்றாக நடத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வலிமை இருந்தது, அது வேலையும் செய்தது. ஆனால் வலிமையைக் கடிதத்துக்குள் கொண்டுவரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. படைகள் கிளம்பியதை அமெரிக்கர்கள் பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். லயன்ஸ் அதைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. பயந்து பணிந்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் வைத்திருந்தால், பயப்படாதவர்கள் என்று காட்டுவதற்காகவே அமைச்சரவையில் சிலராவது எதிர்த்து நின்றிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எது பணயமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1861 டிசம்பரில் பிரிட்டன் போரில் இறங்கியிருந்தால் தென் துறைமுகங்களின் முற்றுகை உடைந்திருக்கும். தெற்கு தனி நாடாக நிலைத்திருக்கும் வாய்ப்பு மிகப் பெரிது. அங்கே ஏறத்தாழ 35 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். மேசன் லண்டன் போய்ச் சேர்ந்தார். எதிர்பார்த்த அங்கீகாரம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

லயன்ஸும் சீவார்டும் அந்த ஏழு வாரத்தில் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்டார்கள். அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பல்களைப் பிடிக்க அமெரிக்கக் கப்பல்களையும் சோதனையிட அனுமதி வேண்டும் என்று பிரிட்டன் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. 1812-ன் நினைவில் அமெரிக்கா மறுத்தே வந்தது. இப்போது சீவார்ட் ஒரு யோசனை சொன்னார்: ஒப்பந்தத்தை முன்மொழிவது அமெரிக்கா என்று இருக்கட்டும், பத்தாண்டு வரம்பையும் அமெரிக்காவே போடட்டும். லயன்ஸ் அந்த வரம்புக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, பிறகு இணங்கினார். 1862 ஏப்ரல் 7 அன்று இருவரும் கையெழுத்திட்டார்கள். பல ஆண்டுகளாக அமெரிக்கா மறுத்துவந்த அந்த ஒப்பந்தத்துக்கு செனட் அதே மாதம் 24-ஆம் தேதி ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் ஒப்புதல் அளித்தது.